பதிவு செய்தால் போதுமா? பதனிட வேண்டாமா?

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில், வேதியியல் பிரிவின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். "ஒலிப்பதிவின் வரலாறு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "தோலைப் பத்திப் பேசுவீங்கன்னு நினைச்சேன்" என்றார். "ரெண்டும் ஒண்ணுதான், வந்து சொல்றேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சொன்ன சொல்லை இப்போது காப்பாற்றியாக வேண்டும்.

நான் எழுபதுகளில் இங்கே வேதியியல் படித்தவன். அதன் பிறகு ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலுமாக முப்பது வருஷத்துக்கு மேல் ஃபினிஷிங் பிரிவில் வேலை. பகலெல்லாம் தோல். ராத்திரியில் பழைய ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே இரண்டையும் செய்தேன். செய்யச் செய்ய, இரண்டும் ஒரே வேலை என்று புரிந்தது. உரித்த தோலுக்குச் சீக்கிரம் உப்புப் போடாவிட்டால் அது அழுக ஆரம்பித்துவிடும். வாயிலிருந்து வந்த சொல்லோ அடுத்த விநாடியே போய்விடும். போகிற பொருளைப் போகாமல் நிறுத்துவதுதான் இரண்டு தொழிலும்.

பேசுகிற தோல்

தோல்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு கேள்வி. மிருதங்கத்துக்குப் போடுகிற தோல் எந்த டேனிங்? எதுவும் இல்லை. முடி நீக்கி, சுத்தம் செய்து, இழுத்துக் கட்டிக் காய வைத்த பச்சைத் தோல். பசு, ஆடு, எருமை மூன்றும் அதில் சேர்கின்றன. பறையும் அப்படியே. அடிப்பதற்கு முன் தீயில் காட்டிச் சூடேற்றுவதை எல்லாருமே பார்த்திருப்பீர்கள். ஈரம் போய்த் தோல் இறுகினால்தான் அது கணீரென்று பேசும். பதனிட்ட தோல் ஷூவுக்கு நன்றாக இருக்கும், மேளத்துக்கு ஆகாது. பதனிடும்போது நார்கள் தனித்தனியாகப் பிரிந்து மெத்தென்று ஆகிவிடுகின்றன. அது அதிர்வை வாங்கி விழுங்கிவிடும்.

இறுகக் கட்டிய சவ்வு அதிரும் என்ற இந்த ஒரே விஷயத்தை வைத்துத்தான் ஒலிப்பதிவே பிறந்தது. காதுக்குள் இருப்பதும் ஒரு சவ்வுதானே? 1857-ல் பாரிஸில் எதுவார் லேயோன் ஸ்காட் என்ற அச்சுத் தொழிலாளி இப்படி யோசித்தார். ஒரு கூம்பின் முனையில் சவ்வு கட்டி, சவ்வில் ஒரு முள் ஒட்டி, சுழலும் உருளையில் புகைக் கரி பூசிய காகிதம் சுற்றி, கூம்புக்கு முன்னால் பாடினார். முள் காகிதத்தில் நெளிநெளியாகக் கோடு போட்டது. குரல் எழுத்தாகிவிட்டது! ஆனால் அந்தக் கோட்டைத் திரும்பக் குரலாக்க அவரிடம் வழியில்லை. அந்த எண்ணமும் அவருக்கு இல்லை.

20 வருஷம் கழித்து, 1877-ல், எடிசன் காகிதத்துக்குப் பதிலாக வெள்ளீயத் தகடு சுற்றினார். முள் அதில் பள்ளம் போட்டது. அதே பள்ளத்தில் முள்ளைத் திரும்ப ஓட்டினால் சவ்வு அதிர்ந்து பேசியது. உலகமே வாய் பிளந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தகட்டை நாலைந்து தடவை ஓட்டினால் பள்ளம் தேய்ந்து பேச்சு போய்விடும். பதிவு ஆயிற்று, பதனிடல் ஆகவில்லை.

ஸ்காட் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. அவர் 1860-ல் பாடிப் பதிந்த காகிதம் பாரிஸில் பத்திரமாக இருந்தது. 2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைப் படம் பிடித்து, அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டரில் ஒலியாக மாற்றினார்கள். ஒரு பிரெஞ்சு நாட்டுப் பாடலின் சில விநாடிகள், 148 வருஷத்துக்குப் பிறகு கேட்டது. கருவி இல்லாத காலத்திலும் யாரோ ஒருவர் காகிதத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதுதான் காரணம்.

அரக்குத் தட்டு

எமில் பெர்லினர் உருளையைத் தட்டையான தட்டாக்கி கிராமபோனைக் கொண்டுவந்தது 1887-ல். தட்டு என்றால் அச்சு வார்த்து ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். வியாபாரம் அங்கேதான் தொடங்கியது. 1902-ல் பிரெட் கைஸ்பர்க் என்ற பதிவாளர் லண்டன் கம்பெனிக்காகக் கல்கத்தா வந்து இறங்கினார். கௌஹர் ஜான் என்ற புகழ் பெற்ற பாடகி அவருக்குப் பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். பெருமைக்காக இல்லை. பதிவு ஜெர்மனியில் ஹானோவருக்குப் போய் அங்கேதான் தட்டாகும். அங்கே இருப்பவனுக்கு இது யார் குரல் என்று எப்படித் தெரியும்? லேபிள் ஒட்டுவதற்காகச் சொன்ன பெயர் அது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும். 1908-ல் கல்கத்தா சியால்தாவிலேயே தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை வந்துவிட்டது.

அந்தத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? ஷெல்லாக். அரக்குப் பூச்சி மரக்கிளையில் கட்டுகிற அரக்கு. அதோடு கல்பொடி, பஞ்சுத் தூசு, கரி சேர்த்து வார்த்தார்கள். உலகத்துக்கே அரக்கு கொடுத்தது பெரும்பாலும் நம் நாடுதான். ஃபினிஷிங் ஆட்கள் இப்போது சிரிக்கிறீர்கள். ஆமாம், நாம் போராக்ஸிலோ அம்மோனியாவிலோ கரைத்துத் தோலுக்குப் பளபளப்பு ஏற்ற ஸ்ப்ரே அடிப்போமே, அதே ஷெல்லாக்தான். எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயசில், 1926-ல், பாடிய முதல் தட்டும் அரக்கு. வீணை தனம்மாளின் விரல் 1932-ல் பதிந்ததும் அரக்கு. எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். அவரை நேரில் கேட்டவர் இன்றைக்கு இருப்பது மிக அரிது. ஆனாலும் அந்தக் குரலின் உச்சி நமக்குத் தெரிகிறதே, அரக்கு பிடித்து வைத்ததால்.

ஆனால் அந்தக் கருவிக்கு ஓரவஞ்சனையும் உண்டு. பத்து அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். ஒரு மணி நேரம் விரிகிற ராகம் மூன்று நிமிஷத்தில் மூட்டை கட்டப்பட்டது. நாடகப் பாட்டுக்கு அது சரி. நம் வட ஆற்காட்டுத் தெருக்கூத்து என்ன ஆவது? ராத்திரி ஆரம்பித்து விடிய விடிய நடப்பதை எத்தனை பிளேட்டில் அடக்குவது?

இன்னொன்று, 1925 வரைக்கும் மைக் வைத்துப் பதிவது இல்லை. பெரிய கூம்புக்குள் முகத்தை வைத்துப் பாட வேண்டும். கரண்ட் கிடையாது, குரலின் வேகமே ஊசியைத் தள்ள வேண்டும். மேளத்தின் அடித் தொனியை அந்தக் கூம்பு வாங்காது. ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிப் பதிவே கெட்டுவிடும். அதனால் தாளக்காரரைத் தூரத்தில் உட்கார வைத்தார்கள், அல்லது தட்டாமல் தட்டச் சொன்னார்கள். தோல் கருவி எல்லாமே அந்தத் தட்டுகளில் எங்கேயோ பக்கத்துத் தெருவில் அடிப்பது போலத்தான் கேட்கும். பாடியவர் பெயர் லேபிளில் இருக்கும். மிருதங்கத்துக்குத் தோல் பார்த்து, வார் பிடித்து, மூட்டுப் போட்டவர் பெயர் எந்த லேபிளிலும் இருக்காது. அந்தக் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ஒரு முழுப் புத்தகம் எழுதி வெளியிட 2020 வரை ஆயிற்று. தோல் தொழில் செய்கிற ஊர்க்காரன் நான், இதைச் சொல்லாமல் போக முடியாது.

மைக்செட் காலம்

மின்சாரப் பதிவு வந்த பிறகு எல்லாம் வேகம் பிடித்தது. சென்னையில் 1924-லேயே ரேடியோ கிளப். 1931-ல் முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. 1938-ல் சென்னை வானொலி நிலையம். இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது, வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

நமக்கு ஒலிப்பதிவு வந்து சேர்ந்த வழி வேறு. அது மைக்செட். பனைமரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டி, கல்யாணமோ காதுகுத்தோ, காலையில் பக்திப் பாட்டில் ஆரம்பித்து, மதியம் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' கதை வசனம் போடுவார்கள். படமே பார்க்காத பையன்கள்கூட வசனத்தை முழுசாக ஒப்பிப்பார்கள். ஒரு பக்கம் நாகூர் ஹனிபா, இன்னொரு பக்கம் சீர்காழி, நடுவில் கட்சிப் பாட்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் எந்தத் தெருவில் என்ன விசேஷம் என்று பாட்டை வைத்தே சொல்லிவிடலாம். அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது. அதற்கு ஓட்டை ஓட்டையாய்ப் போட்ட தோல் உறை! இலங்கை வானொலியை நாங்கள் தோல் வழியாகத்தான் கேட்டோம்.

ஆனால் இவை எல்லாமே கேட்கிற கருவிகள். நம் குரலை நாமே பதிய ஒரு கருவி நம் கைக்கு வரவில்லை. அதைக் கொண்டுவந்தது கேசட்.

டேப் என்பது ஃபினிஷிங் போட்ட தோல்

காந்த டேப் ஜெர்மனியில் பிறந்தது. 1935-ல் பெர்லின் கண்காட்சியில் டேப் ரிக்கார்டரைக் காட்டினார்கள். 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி அதைச் சட்டைப் பைக்குள் அடங்கும் கேசட்டாக்கியது. விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். ஒரு மணி நேரக் கேசட்டுக்குள் கிட்டத்தட்ட 86 மீட்டர் டேப் இருக்கிறது.

டேப்பின் உடம்பைப் பாருங்கள். அடியில் பாலியெஸ்டர் படலம். மேலே பைண்டரில் கலந்து பூசிய இரும்பு ஆக்சைடு. பிக்மென்ட், பைண்டர், கோட்டிங். நாம் தினமும் செய்கிற வேலை! செங்கல் நிறத் தோலுக்கு நாம் போடுகிற பிக்மென்டும் இரும்பு ஆக்சைடு, சாதா கேசட்டில் பாட்டைத் தாங்குவதும் இரும்பு ஆக்சைடு. கொஞ்சம் வசதியானவர்கள் 'குரோம்' கேசட் வாங்குவார்கள். அது குரோமியம் டை ஆக்சைடு, 1970-ஐ ஒட்டிக் கடைக்கு வந்தது. நம் டிரம்மில் ஓடுகிற குரோமியத்துக்கு இணைதிறன் மூன்று, கேசட்டில் இருப்பதற்கு நான்கு. ஒரே குடும்பம், வேறு வேறு வேலை.

கேசட்டின் பெருமை அந்தச் சிவப்புப் பொத்தான். அதை அமுக்கினால் யார் வேண்டுமானாலும் பதியலாம். 90 நிமிஷக் கேசட் ஆறு இருந்தால் ஒன்பது மணி நேரம். ராத்திரி முழுக்கக் கூத்து அடங்கிவிடும். வாணியம்பாடி முஷாயிராவும் அடங்கும். நம் கல்லூரி ஆண்டு விழாவும் அடங்கும். எண்பதுகளில் வளைகுடா போனவர்கள் டூ-இன்-ஒன் வாங்கி வந்தார்கள். எழுதப் படிக்கச் சங்கடப்பட்ட அம்மாக்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அண்ணன் ரியாத்தில் இருந்தபோது, 1986-ல் அப்பா பேசி அனுப்பியது. அண்ணன் திரும்பி வரும்போது பத்திரமாகக் கொண்டுவந்தார். அப்பா அதில் பெரிசாக ஒன்றும் பேசவில்லை. மழை இல்லை, பாலாற்றில் மணல்தான் தெரியுது, உங்க அம்மாவுக்கு முழங்கால் வலி, தங்கச்சிக்கு இடம் பார்க்கிறோம். நடுவில் டேனரி சங்கு ஊதுகிறது. "மணி ரெண்டாச்சு, நான் ஷிப்டுக்குக் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார். நாற்காலி நகர்கிற சத்தத்தோடு கேசட் முடிகிறது. அப்பா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த டேனரி மூடியாயிற்று. அந்தச் சங்கும் இல்லை. மூன்றும் அந்த 86 மீட்டர் டேப்பில்தான் இருக்கின்றன.

பெட்டியில் வைத்த ஷூ

இப்போது கெட்ட செய்தி. ஷூ கம்பெனிக்காரர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பி.யு. சோல் போட்ட புது ஷூவை நாலைந்து வருஷம் பெட்டியிலேயே வைத்திருந்து, ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனால் என்ன ஆகும்? மண்டபத்துக்குள் போவதற்குள் அடிப்பாகம் தூள் தூளாக உதிரும். உபயோகிக்கவே இல்லையே என்றால், காற்றிலிருக்கும் ஈரம் உபயோகித்துவிட்டது. பாலியூரித்தேனின் பிணைப்புகளை ஈரம் அறுத்துவிடுகிறது. நீராற்பகுப்பு என்று இதே கட்டடத்தில் படித்தோம்.

டேப்பின் பைண்டரும் பாலியூரித்தேன்தான். எழுபது, எண்பதுகளில் வந்த பல பெரிய ரீல் டேப்புகள் இப்படித்தான் பிசுபிசுத்துப் போயின. ஓட்டினால் கிறீச்சிட்டுக்கொண்டு ஆக்சைடு உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். உரிந்தது ஆக்சைடு இல்லை, குரல்! இதற்கு வைத்தியம் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் பக்குவமாகச் சூடேற்றி ஈரத்தை விரட்டுவார்கள். சில வாரத்துக்கு டேப் ஓடும், அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். பறையைத் தீயில் காட்டுகிற அதே யோசனை. ஆனால் வீட்டு அவனில் யாரும் முயற்சி செய்துவிடாதீர்கள். கேசட்டுகளில் இந்தப் பிசுபிசுப்பு குறைவு. அங்கே எதிரி பூஞ்சை. மழைக்காலத்தில் பீரோவில் வைத்த தோல் பையில் வெள்ளையாகப் படியுமே, அது டேப்பிலும் படியும்.

பெரிய கம்பெனிக்காரர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்றும் நம்ப வேண்டாம். 2008 ஜூன் 1-ம் தேதி ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் தீப்பிடித்து, புகழ் பெற்ற பாடகர்களின் மூலப் பதிவுகள் எரிந்தன. அதன் முழு விபரீதம் 2019-ல்தான் பத்திரிகையில் வெளிவந்தது.

"எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சே சார்" என்று தம்பிமார்கள் கேட்பீர்கள். நல்ல விஷயம்தான். 1982-ல் சி.டி. வந்தது. ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக எழுதி வைக்கிறது. எண்ணை எத்தனை தடவை நகல் எடுத்தாலும் தேயாது. 'ரோஜா' 1992-ல் வந்தபோது அந்தச் சத்தத்தின் சுத்தத்தைக் கேட்டு எங்கள் ஃபினிஷிங் பிரிவே ஸ்ப்ரே கன்னை நிறுத்திவிட்டு நின்றது. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியில் வந்து தியேட்டரைச் சுற்றிச் சுற்றி அடித்தது. ஆனால் வீட்டில் எழுதிய சி.டி.யின் சாயம் மங்குகிறது. பென் டிரைவ் திடீரென்று கண்ணை மூடுகிறது. போன் தொலைந்தால் அதிலிருந்த குரலும் தொலைகிறது. தேய்வது நின்றது, தொலைவது நிற்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

சென்னையில் 'சம்பிரதாயா' என்ற அமைப்பு 1980-லேயே கர்நாடக சங்கீதப் பதிவுகளைச் சேர்க்கத் தொடங்கியது. மும்பையில் இசைத்தட்டு சேகரிப்போர் சங்கம் 1990-ல் தொடங்கியது. சங்கீதத்துக்கு ஆள் இருக்கிறார்கள். ஆம்பூர் அப்பாக்களுக்கு யார் இருக்கிறார்கள்? நாம்தான்.

எனவே வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்கள். கேசட் கிடைத்தால் ஆசையில் உடனே போட்டுக் கேட்காதீர்கள். முதலில் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் ஓட்டக்கூடாது. பின் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள், அப்புறம் தவறியும் அதன் மேல் வேறொன்று பதியாது. டேப் தளர்ந்திருந்தால் பென்சில் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பிளேயரின் ஹெட்டை ஸ்பிரிட்டில் துடையுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடித்துப் பதியாமல், ஒயர் போட்டு நேராகக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். எம்.பி.3 வேண்டாம், அது இடத்தைச் சுருக்க ஒலியில் கொஞ்சம் வெட்டிவிடும். வேவ் ஃபைலாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். மூன்று நகல், அதில் ஒன்று வேறு ஊரில். நகல் எடுத்த பிறகும் மூலக் கேசட்டை எறியாதீர்கள். ஸ்காட்டின் காகிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நல்ல டேப் டெக் ஒன்று, ரீல் மெஷின் ஒன்று வாங்கி நூலகத்தில் ஒரு மேஜை ஒதுக்குவோம். ஓடுகிற மெஷினும் ரிப்பேர் தெரிந்த கையும் வருஷா வருஷம் குறைந்துகொண்டு போகின்றன. என் கை இன்னும் நடுங்கவில்லை, வாரம் இரண்டு நாள் வந்து உட்காரத் தயார். ஆண்டு விழாப் பதிவுகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் பிரிவுரைகள், வீட்டுக் கேசட்டுகள் எல்லாம் வரட்டும். அதோடு, சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர்கள், ஆவாரம்பட்டைக் காலத்தைப் பார்த்தவர்கள், கூத்தாடியவர்கள், மேளத்துக்குத் தோல் கட்டியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மாணவர்கள் போய் அவர்களைப் பேச வைத்துப் பதியட்டும். தமிழோ உருதுவோ தெலுங்கோ, வீட்டில் பேசுகிற பேச்சிலேயே பேசட்டும். இதை ஒரு தீர்மானமாகவே இந்தச் சபையின் முன் வைக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு பதிவின் முடிவிலும், பேசியவர் யார், எந்த ஊர், என்ன தேதி என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கௌஹர் ஜான் 1902-ல் செய்ததுதான். பேர் இல்லாத குரல், லேபிள் இல்லாத தோல் கட்டு மாதிரி. எவ்வளவு நல்ல சரக்காக இருந்தாலும் மூலையில்தான் கிடக்கும்.

மேஜை போட்டதும் முதல் கேசட் எங்கள் வீட்டிலிருந்து வரும்.